மாடிக் கூட்டத்தில் முடிந்த வார்டு

2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. மனுத்தாக்கலுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மாடியில் ஜமாஅத், அதாவது எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்களின் சபை, கூடியது. அத்தா வீட்டுக்கு வந்து தொப்பியை ஆணியில் மாட்டிக்கொண்டே, "பேசி முடிச்சாச்சும்மா, ஓட்டு பிரியக் கூடாதுல்ல" என்றார். பெண்கள் வார்டுக்கான அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை.

எதிர்வீட்டு ராத்தாவுக்கு நிற்க ஆசை இருந்தது. சாக்கடைக்காக ரெண்டு வருஷம் மனு எழுதியவர். நகல்களை எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்திருப்பார். தேர்வானதோ நிர்வாகி ஒருவரின் மனைவி. அவருக்கே மாலையில்தான் தெரியும்.

த.மு.மு.க. (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) 1995-ல் தொடங்கியது, 2009-ல் அதிலிருந்து மனிதநேய மக்கள் கட்சி வந்தது. தவ்ஹீத் ஜமாஅத் என்ற அமைப்பு தேர்தலில் நிற்பதில்லை. முஸ்லிம் லீக் எப்போதும் உண்டு. ஆனால் எங்கள் வார்டில் இந்தப் பெயர்களைவிட முஹல்லா (எங்கள் பகுதி) ஜமாஅத்தின் சொல்லுக்குத்தான் எடை. அது சும்மா வந்த எடையும் அல்ல. கொரோனா நேரத்தில் வீடு வீடாக அரிசி கொண்டு போனதும், ஜனாஸா தூக்க, இறந்தவரை அடக்கத்துக்குக் கொண்டு போக, ஆள் இல்லாதபோது தோள் கொடுத்ததும் அதே ஜமாஅத்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

அத்தாவிடம் கேட்டேன்: "ராத்தாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் பதில் சொல்லாமல் தண்ணீர் கேட்டார்.