படிக்கல் இல்லாத தராசு

நான் வேலை பார்க்கும் காமா கதிர்த் தொலைநோக்கிகள் நமீபியாவின் கோமாஸ் மேட்டுநிலத்தில் இருக்கின்றன. ஹெஸ் என்று பெயர். சுமார் 1800 மீற்றர் உயரம், கிட்டத்தட்ட நுவரெலியா. இங்கே நட்டிருந்தால் பாதி நாள் பனிமூட்டத்தைத்தான் பார்த்திருக்கும். ஹட்டனில் என் மேசைக்கு வருவது அங்கே எடுத்த தரவு மட்டும்.

விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர், அதாவது மிக அதிக ஆற்றலுள்ள ஒளி, தரைக்கு வந்து சேராது. உயரக் காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறும். அந்தத் துகள்கள் சுமார் 10 கிலோமீற்றர் உயரத்தில் விடும் செரென்கோவ் ஒளி என்ற மங்கலான நீல மின்னல் சில நானோ செக்கன்களில் முடிந்துவிடும். அந்த ஒளியை அளந்துதான் கதிரின் ஆற்றலைச் சொல்கிறோம்.

கொழுந்து எடுத்தே காலம் போன அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நிறுவை சரின்னு எதை வச்சுப்பா பார்ப்பீங்க?" என்றார். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோக் கிலோவாகக் கழித்ததைப் பார்த்தவர் வேறென்ன கேட்பார்? தராசென்றால் படிக்கல் வைத்துப் பார்க்கலாம். ஆற்றல் தெரிந்த காமா கதிரை வானத்தின் உச்சியிலிருந்து இறக்கிப் பார்க்க வழியில்லை.

எங்களுக்குப் படிக்கல் மியூவான். அண்டக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் இந்தத் துகள் தொலைநோக்கியின் ஆடியருகே விழுந்தால் கெமராவில் ஒளிவளையம் தெரியும். வளையத்தின் வடிவத்தை வைத்தே எவ்வளவு ஒளி வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். பதிவானது குறைந்தால் ஆடி மங்கிவிட்டது, அல்லது கெமராவில் ஏதோ கோளாறு. பிக்சல்களை ஒளித்துடிப்பால் சமப்படுத்தும் வேலையும் உண்டு; அவசியமானது, ஆனால் சலிப்பு.

இத்தகைய காமா கதிரை விடுவதாக 1989இல் முதலில் உறுதியான நண்டு நெபுலாவை, அதாவது வெடித்த விண்மீனின் எச்ச முகிலை, பொது அளவுகோலாகக் கொள்வோர் உண்டு. எனக்கு அது கடைசிச் சரிபார்ப்பு மட்டுமே. அதுவும் எப்போதும் மாறாமல் இருப்பதில்லை: குறைந்த ஆற்றல் காமாவில் அது திடீர் திடீரெனப் பொங்குவதைச் செய்மதிகள் கண்டது 2011இல் வெளிவந்தது.

மியூவானுக்கும் எல்லை உண்டு. அதன் ஒளி கடைசிச் சில நூறு மீற்றரிலிருந்து வருகிறது. அதற்கு மேலே காற்றில் தூசோ புகையோ இருந்தால் மியூவானுக்குத் தெரியாது. ஆபிரிக்காவின் தென்பகுதியில் காடும் புல்வெளியும் எரியும் மாதங்களில் வளையங்கள் பளிச்சென்றிருக்க, பதிவாகும் துகள் மழைகள் மட்டும் குறையும். அப்போது குற்றம் காற்றில். கணக்கில் திருத்திவிடலாம் என்பார்கள் சிலர். தூசு எந்த உயரத்தில் என்று லைடார், அதாவது லேசர் ஒளியை மேலே அனுப்பிக் காற்றை அளக்கும் கருவி, காட்டினால் நானும் சம்மதிப்பேன். இல்லாவிட்டால் அந்த 28 நிமிட அவதானிப்புத் தொகுதியைத் (ரன்னைத்) தூக்கிவிடுங்கள் என்றுதான் எழுதி அனுப்புகிறேன். இதில் இன்னும் சண்டை ஓயவில்லை.