சம்புக்குள் வெள்ளம் புகுந்தால்: சென்னை, செங்கல்பட்டு வீடுகளுக்கான மழைக்காலக் குறிப்புகள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் அதற்குள் மொட்டை மாடியின் விரிசலை அடைத்துவிடுகிறார்கள், கேபிளைக் கட்டிவிடுகிறார்கள். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்பைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. வீட்டிலேயே தாழ்வான இடம் அதுதான். வாசற்படியைத் தண்ணீர் தொடாத தெருவில்கூடச் சம்புக்குள் சாக்கடை கலந்துவிடலாம். கொஞ்சமாகக் கலந்தால் நிறமும் மாறாது, நாற்றமும் தெரியாது. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று வந்த பிறகுதான் சந்தேகமே எழும்.

தண்ணீர் மூடி வழியாக மட்டும் வருவதில்லை. மோட்டார் ஒயர் போகும் குழாய், லெவல் சென்சார் ஒயருக்குப் போட்ட ஓட்டை, தெருப்பக்கம் விட்ட ஓவர்ஃப்ளோ குழாய், இந்த மூன்றையும் பாருங்கள். ஒயர் குழாயை இரு முனையிலும் சிலிக்கான் அல்லது எம்-சீல் வைத்து அடைக்கலாம். ஓவர்ஃப்ளோவுக்கு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். இல்லையென்றால் தெருவில் தண்ணீர் ஏறும்போது அதே குழாய் வழியாக உள்ளே திரும்பி வரும். சம்பின் வாய்க்கட்டு, உங்கள் தெருவில் இதுவரை தண்ணீர் ஏறிய அளவுக்கு மேல் ஓர் அடியாவது உயர்ந்து நிற்கட்டும். சாலையை மறுபடி போடும்போதெல்லாம் மட்டம் உயர்கிறது. பத்து வருடம் முன்பு போதுமாக இருந்த கட்டு இன்று சாலைக்குக் கீழே இருக்கலாம்.

கழிவுநீர் எதிர்த்து வருவது இன்னொரு தொல்லை. தரைத்தள இந்தியன் கிளாசெட்டில் நீர் மேலே ஏறத் தொடங்கினால், தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, இறுகக் கட்டி, அந்தக் குழியில் அழுத்தி வையுங்கள். குளியலறைத் தரை வடிகாலுக்கும் இதே வழிதான். மழை ஓய்ந்ததும், வீட்டுக் கழிவுநீர் தெருச் சாக்கடையில் சேரும் முன் உள்ள கடைசிச் சேம்பரில் (தொட்டியில்) நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துவது நிலையான தீர்வு.

சம்பில் அழுக்குத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று தெரிந்ததும் உடனே மோட்டார் போட்டு இறைக்க வேண்டும் என்றுதான் தோன்றும். அவசரப்படாதீர்கள். தெருவில் தண்ணீர் நிற்கிறது என்றால் நிலத்தடி நீரும் தரை மட்டத்தை ஒட்டி வந்திருக்கலாம். அந்த நேரத்தில் சம்பைக் காலி செய்தால், உள்ளே எடை இல்லாமல் வெளியிலிருந்து நீர் அழுத்தும். தளம் மேலே தூக்கும், சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் விடும். புதைத்து வைத்த பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் முழுசாகவே மிதந்து வெளியே வந்துவிடும். செப்டிக் டேங்குக்கும் இது பொருந்தும். வெள்ளம் வடிந்து ஒன்றிரண்டு நாள் போகட்டும். அதுவரை அந்தச் சம்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றாமல் இருந்தால் போதும்.

அடுத்து, சம்புக்குள் ஆள் இறங்குவது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகிறது. பல மாதம் மூடிக் கிடந்த தொட்டியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். அழுகிய கழிவு கலந்திருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கும். புதிதாகக் கட்டி, கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்காமல் மூடி வைத்த சம்பும் அதே அளவு ஆபத்தானது. ஈரப் பலகை மட்கும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். ஆளைக் கொல்லும் அளவு நச்சு வாயு இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் இருந்தால் வெடிக்கும். டீசல், பெட்ரோல் பம்பையோ ஜெனரேட்டரையோ சம்பின் வாயருகே ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே இறங்கும். முதலில் விழுந்தவரைக் காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது ஆளும் இறப்பதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

முடிந்தவரை மேலிருந்தே நீளக் கைப்பிடி பிரஷ்ஷாலும் சேறு உறிஞ்சும் பம்பாலும் சுத்தம் செய்யுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், உள்ளிருக்கும் ஆக்சிஜன், நச்சு வாயு அளவைக் கருவி வைத்துப் பார்த்து, காற்று ஊதும் இயந்திரம் வைத்து வேலை முடியும்வரை காற்று செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டி இறங்கும் பயிற்சி பெற்ற ஆட்களிடம் விடுங்கள். செப்டிக் டேங்கில் யாரையும் இறக்கவே கூடாது; பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கழிவு உறிஞ்சும் வண்டிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

சேற்றை வாரியாகிவிட்டது, சுவரை வெறும் தண்ணீரில் தேய்த்தாகிவிட்டது. இனி ப்ளீச்சிங் பவுடர். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மாவு போலக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் அப்படியே வையுங்கள். அடியில் தங்கும் வெள்ளை மண்டி வெறும் சுண்ணாம்பு. வேலை செய்யும் குளோரின் மேலே தெளிந்த நீரில் இருக்கிறது. மண்டியையும் சேர்த்துக் கொட்டினால் தண்ணீர் கடினமாகும், குழாயில் படியும். தெளிவை மட்டும் எடுத்து, ஆள் யாரும் உள்ளே இல்லாதபோது, தோட்டத்துக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் மேலிருந்தே சுவரில் அடியுங்கள். அரை மணி நேரம் விட்டுக் கழுவி, அந்த நீரை இறைத்துவிடுங்கள். உள்ளே நின்று பூசினால் அந்த நெடியே நுரையீரலைப் புண்ணாக்கும். ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரை இதனுடன் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், வேண்டவே வேண்டாம்.

மேல்தொட்டியையும் குழாய்களையும் மறந்துவிடுகிறார்கள். சம்பைக் கழுவி, மேல்தொட்டியைக் கழுவாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. மேல்தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பின் 500 லிட்டர் நல்ல தண்ணீர் ஏற்றி, 100 கிராம் பவுடரின் தெளிவை ஊற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுங்கள். அதுவரை ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் போகும் வால்வை மூடி வையுங்கள், இவ்வளவு குளோரின் அதன் மெம்பரேனைக் கெடுத்துவிடும்.

அதன் பிறகு மழைக்காலம் முடியும்வரை அன்றாட அளவு: 1,000 லிட்டருக்கு 4 கிராம். சம்பின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 8 அடிக்கு 6 அடி சம்பில் 5 அடித் தண்ணீர் என்றால் 240 கன அடி, சுமார் 6,800 லிட்டர். அதற்கு 27 கிராம். கைப்பிடிக் கணக்கில் போடாதீர்கள், சமையலறைத் தராசில் நிறுத்து, முன்போலவே கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். போட்டு ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்துங்கள். குளோரின் சோதனைச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் தண்ணீர் இளமஞ்சளாக மாற வேண்டும். மாறவில்லை என்றால் பவுடர் வீரியம் போயிருக்கிறது அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம். திறந்து வைத்த மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் பவுடர் ஈரம் பட்டுக் கட்டியாகி, பாதி வலுவை இழந்திருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சிறு பாக்கெட்டை அக்டோபரிலேயே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கலங்கல் நீரில் எவ்வளவு குளோரின் போட்டாலும் மண்ணும் மக்கிய குப்பையும் அதைத் தின்றுவிடும். முதலில் தெளிய விட வேண்டும். பானையின் உட்புறம் தேற்றான்கொட்டையை இழைக்கும் நம் வழக்கம் கலங்கலைப் படியவைப்பதில் உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும். ஆனால் கிருமிக்கு அது மட்டும் போதாது. குடிக்கிற நீரை மேலே குமிழி பொங்கும்படி கொதிக்க வைத்து, அதன் பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

மூழ்கிய மோட்டாரைத் துடைத்துவிட்டு சுவிட்ச் போடுவது காயிலை எரிக்கும் வழி, சில சமயம் ஆளையும். கழற்றி, உலர்த்தி, எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் என்ற கருவி வைத்து இன்சுலேஷன் (மின்காப்பு) பார்க்கச் சொல்லுங்கள்; 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு இல்லையென்றால் இந்த மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மின் புகார்களுக்கு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம்: 94987 94987.

தெருவோடு சேர்ந்த விஷயம் ஒன்று. மாடியில் விழும் மழைநீரைப் பாதாளச் சாக்கடை இணைப்பில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். தெருவில் பத்து வீடு இப்படி விட்டால் மேன்ஹோல் பொங்காமல் என்ன செய்யும்? பொங்கும் அந்த நீர்தான் மறுபடி சம்புக்குள் வருகிறது. மழைநீர் சேகரிப்பு 2003லேயே தமிழகம் முழுக்கக் கட்டாயமாக்கப்பட்டது. குழி இருந்தும் மேல் மணலில் சேறு படிந்து நீர் இறங்காமல் இருந்தால் அந்த மேல் அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம் இருக்கிறது, அதற்கு 1913. கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது, அதற்கு 1916. மாற்றி அழைத்தால் நேரம்தான் போகும். வெள்ள அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

ஏரிச் செய்தியை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் பதற்றம் குறையும். வினாடிக்கு 1,000 கன அடி நீர்வரத்து ஒரு நாள் முழுக்க நீடித்தால் 86.4 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உயரம் 24 அடி. இருப்பு 3,000 மில்லியன் கன அடி, வரத்து வினாடிக்கு 3,000 கன அடி என்று செய்தி வந்தால், மீதி இடம் 645 மில்லியன் கன அடி, நாளுக்குச் சேர்வது 259 மில்லியன் கன அடி. இரண்டரை நாளில் நிரம்பும். ஆனால் மழை வலுத்தால் வரத்து சில மணி நேரத்தில் பல மடங்காகும், நிரம்பும் முன்பே உபரி நீரைத் திறப்பார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். திறந்தால் அது திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்ந்து மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகும். புழல் உபரி வடசென்னையில் மணலிப் பக்கமும், பூண்டி உபரி கொசஸ்தலையாற்றில் எண்ணூருக்கும் போகும்.

முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதியினர் செம்பரம்பாக்கம் திறப்பை மட்டும் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அந்த உபரி அடையாற்றில் சேர்வதே அவர்களுக்குக் கீழேதான். அவர்கள் பக்கம் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பி வழியும் நீர். மதகைத் திறக்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லும் அறிவிப்பை அங்கே எதிர்பார்க்க முடியாது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஓர் இரவில் 15 செ.மீ.க்கு மேல் மழை என்றால், விடியும்வரை காத்திராமல் வண்டியை மேட்டில் நிறுத்தி, மோட்டாரைக் கழற்றி மேலே வைத்து, மேல்தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பி, சம்புக்கு வரும் வால்வை மூடிவிடுங்கள்.