காக்டெயில் கிளிக்கு முட்டை அடைத்த நாளில் மதுரையில் மருத்துவர் தேடிய அனுபவம்

மதுரையில் நாய்க்கும் பூனைக்கும் மருத்துவம் பார்க்கும் இடங்கள் பெருகிவிட்டன. ஆடு, மாடு, கோழிக்கு அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. கூண்டில் வளர்க்கும் கிளிக்கு நோய் வந்தால் எங்கே போவது என்பதற்கு மட்டும் யாரிடமும் நேரான பதில் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டுப் பெண் காக்டெயில் ஒரு காலையில் குச்சியில் ஏறாமல், இறகுகளை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கியபோது இதை நேரிலேயே அறிய நேர்ந்தது. பறவைகள் இரைகொல்லிகளுக்கு அஞ்சி நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. அவற்றின் தளர்ச்சி நம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் நோய் ஏற்கெனவே முற்றியிருக்கிறது என்று பொருள். ஆகவே, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட இடமே இல்லை.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்டோம். “கொண்டு வாங்க” என்றார்கள். குரைக்கும் நாய்களுக்கு நடுவே நெடுநேரம் காத்திருந்து உள்ளே போன பிறகு, தாம் பறவைகளுக்குப் பார்ப்பதில்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். தொலைபேசியை எடுப்பவரிடம் கிளியைக் கொண்டுவரலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். இன்று பணியில் இருக்கும் மருத்துவர் பறவைக்கு ஊசி போடுவாரா, எக்ஸ்ரே எடுக்க வசதி உண்டா என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் தடுமாறினால் அங்கே போவது வீண்.

அடுத்துப் போன அரசு மருத்துவமனையில், சீட்டு எழுதுபவர் பெட்டியின் மேலிருந்த துணியை விலக்கிப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். “கிளி வளர்த்தா கேஸு, தெரியுமா சார்? பாரஸ்ட் ஆபீசுக்குத்தான் போகணும்.” அவர் சொன்னதில் பாதி சரி. நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 2022இல் வந்த திருத்தத்திற்குப் பின் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வளர்ப்பது குற்றமேதான். ஆனால் காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை. சாம்பல் உடலும் மஞ்சள் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் கொண்ட அதைப் பச்சைக்கிளி என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கும் மக்காவ் கிளிக்கும் வேண்டிய, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளப் பதிவுகூட இதற்குத் தேவையில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, கைபேசியில் வைத்திருந்த கடை ரசீதைக் காட்டி, உள்ளிருந்து மூத்த அலுவலர் ஒருவர் வந்து பார்த்த பிறகே சீட்டு கிடைத்தது. இனம் என்ற கட்டத்தில் ‘கோழி’ என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் நன்றி சொல்லி உள்ளே போனால், மருத்துவர் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். இதைச் சீட்டு எழுதுபவர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அத்தனை வாக்குவாதமும் மிச்சமாகியிருக்கும். திருமங்கலம் பக்கம் பண்ணைக் கோழிகளோடு அலங்காரப் பறவைகளையும் பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருப்பதைச் சொன்னவர் அங்கிருந்த உதவியாளர்தான். அந்த நாளில் எங்களுக்கு உருப்படியாக உதவிய முதல் ஆள் அவரே.

இதற்கிடையில் பறவைக் கடைக்காரர் ஒருவர், முட்டை வெளியே வராமல் உள்ளே சிக்கியிருக்கும் என்றும், விளக்கெண்ணெய் தடவி வயிற்றை மெல்ல அழுத்தினால் அது வந்துவிடும் என்றும் தொலைபேசியில் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் வயிற்றறையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும். வாயில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றுவதும் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வீட்டில் செய்யக்கூடியது வெதுவெதுப்பும் ஈரப்பதமும் தருவது மட்டுமே. எல்இடி விளக்கு சூடு தராது என்பதால், பழைய குண்டு பல்பைத் தேடிப் பிடித்துப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் படும்படி வைத்து, பறவைக்கு எட்டாத இடத்தில் ஈரத்துணி ஒன்றையும் தொங்கவிட்டோம். மதுரை வெயிலிலேயே இதற்கு என்ன அவசியம் என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். ஆனால் நோயுற்ற சிறு பறவைக்குச் சுமார் 30 டிகிரி சூடு இடையறாமல் வேண்டும். மின்விசிறிக் காற்று நேராகப் படவே கூடாது.

திருமங்கலத்தில் எல்லாம் சுலபமாக முடிந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தவுடனேயே முட்டை அடைப்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எக்ஸ்ரேயும் அதையே காட்டியது. காக்டெயிலின் மொத்த எடையே 80 முதல் 100 கிராம்தான் என்பதால் முதலில் துல்லியமாக எடை பார்த்து, அதற்கேற்ற அளவில் கால்சியம் ஊசியும் நீர்ச்சத்தும் ஏற்றினார். அன்று இரவே தோல் போன்ற மெல்லிய ஓட்டுடன் முட்டை வெளியே வந்தது. ஆண் துணை இல்லாமலே பெண் பறவை முட்டையிடும் என்பதை அதன் பிறகும் எங்கள் உறவினர்களை நம்பவைக்க முடியவில்லை.

ஆபத்து அத்துடன் தீர்ந்துவிடாது. காக்டெயில் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டு நான்கைந்து முட்டைகளில் நிறுத்தும். எனவே அடுத்த முட்டை வருவதற்குள் கால்சியத்தை ஈடுகட்ட வேண்டும். சூரியகாந்தி விதையும் தினையும் மட்டுமே தின்றால் அது போதாது. முருங்கைக் கீரை, வேகவைத்த முட்டை, கொத்துவதற்குக் கணவாய் ஓடு ஆகியவற்றோடு காலை இளவெயிலும் வேண்டும் என்றார் மருத்துவர். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் வைட்டமின் டி உண்டாகாது என்றும் எச்சரித்தார். இட்ட முட்டைகளை எடுத்துவிட்டால் பறவை மேலும் மேலும் இடும் என்பதால் அவற்றைக் கூண்டிலேயே விட்டுவைத்தோம். மாலையில் சீக்கிரமே துணிபோட்டு மூடி வெளிச்சத்தைக் குறைத்தோம். அடுத்த முட்டை கெட்டி ஓட்டுடன் தானாகவே வந்தது. இப்போது சமையலறைத் தராசில் பறவையின் எடையைப் பார்த்துக் குறித்துவைக்கிறோம். எடை குறையத் தொடங்கினாலே மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. கடை ரசீதின் நகல் ஒன்று பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்கிறது.