உரிமம் கிடைத்துவிடும், பழைய கிளப் கடிதம்தான் கிடைக்காது

ஆடி முடித்தபின் சிங்கப்பூரில் காற்பந்துப் பயிற்றுவிப்பாளர் ஆவதற்கான படிகள் சிரமமாக இல்லை. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சி, பி உரிம வகுப்புகள், முதலுதவிச் சான்றிதழ், தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவு எல்லாம் வரிசையாக முடிந்தன. உயிரை வாங்கியது, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆடிய ஆண்டுகளுக்கு ஆதாரம் திரட்டுவதுதான். வெளிநாட்டுக் கிளப்பில் பயிற்றுவிப்பாளர் வேலை தேடினால் அதைக் கேட்பார்கள்.

கிளப்புகள் நிலைப்பதில்லை. நம் ஃபாண்டி அகமது ஆடிய, இந்தோனேசியாவின் சுராபாயா நகரக் கிளப்பான நியாக் மித்ரா 1990இல் கலைக்கப்பட்டது. 2013இல் வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் மலேசிய சூப்பர் லீக்கை வென்ற நம் சிங்கப்பூர் அணியான லயன்ஸ் 12 கூட 2015க்குப் பிறகு இல்லை. ஆட்டக்காரராக சுவிட்சர்லாந்தின் பாசெல், பயிற்றுவிப்பாளராக லாவோஸ் தேசியக் குழு என்று சுற்றிய சுந்தரமூர்த்தியிடம் எவ்வளவு தாள் சேர்ந்திருக்கும்! நான் ஆடிய கிளப் ஒன்று கைமாறிவிட்டது. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. நேரில் போனால், "பழைய நிர்வாகத்தின் கோப்பு எங்களிடம் இல்லை" என்று எழுத்தர் நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டார். போக வரச் செலவு வீண்.

கிளப்பை நம்பாமல் அந்த நாட்டுக் காற்பந்துச் சங்கத்துக்கு நேராக எழுதுங்கள். ஆட்டக்காரர்கள் நாடு விட்டு நாடு கிளப் மாறுவதைப் பதியும் ஃபிஃபாவின் டிஎம்எஸ் கணினி முறை 2010 அக்டோபரில் கட்டாயமானது. அதற்குப் பிந்தைய அனைத்துலக மாற்றங்கள் அதில் பதிவாகியிருக்கும். முந்தையவை தாளில்தான். ஆனால் கிளப் மாறுவதற்கான சான்றிதழை ஒரு நாட்டுச் சங்கம் கொடுத்திருக்கும், இன்னொரு நாட்டுச் சங்கம் வாங்கியிருக்கும். ஒரு பக்கம் கைவிரித்தால் மறுபக்கம் கேளுங்கள். அன்றைய கடப்பிதழ் எண், கிளப் பெயர், பருவம் மூன்றையும் எழுதினால்தான் தேடுவார்கள். எனக்கு அப்படித்தான் கடிதம் வந்தது. அன்று விட்ட பெருமூச்சு கொஞ்சமில்லை.

அடுத்து பெயர்த் தகராறு. இங்கே பிறந்த நம்மில் பலரின் அடையாள அட்டையில் தகப்பன் பெயருக்கு முன், 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும் 'எஸ்/ஓ' இருக்கும். மலேசிய ஒப்பந்தத்தில் அது அதே பொருளுள்ள மலாய்ச் சுருக்கம் 'ஏ/எல்' ஆகியிருந்தது. இந்தோனேசியத் தாளில் சாய்கோடே இல்லை. தகப்பன் பெயர் முன்னால் வந்து என் பெயர் பின்னால் போயிருந்தது. மூன்றையும் மேசையில் அடுக்கினால் மூன்று ஆட்கள். எல்லா வடிவங்களையும் எழுத்துப் பிசகாமல் குறிப்பிட்டு, பழைய, புதிய கடப்பிதழ் எண்களையும் சேர்த்து, எல்லாம் ஒருவரே என்று சத்தியப் பிரமாண அறிக்கை எழுதி நோட்டரி முன் கையெழுத்திடுங்கள். பிறகு சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் சான்றுறுதி. ஆவணத்தை ஒப்பந்த நாடுகள் தூதரக முத்திரை இல்லாமலே ஏற்கும் அப்போஸ்டில் முறை சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் உள்ளது. போகும் நாடும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தால் அத்தோடு முடிந்தது. இல்லாவிட்டால் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். எந்த வகை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழில் கவனம். சிங்கப்பூரர் அதைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. கேட்கும் தரப்பின் கடிதம் வேண்டும். வெளிநாட்டுக் கிளப் எனக்கு அனுப்பியது வெறும் வரவேற்புக் கடிதம். இந்தச் சான்றிதழ் தேவை என்ற ஒரு வரி அதில் இல்லை. அந்த வரிக்காக மறுபடி கெஞ்ச வேண்டியதாயிற்று. மலேசியாவில் ஆடியிருந்தால் அங்குள்ள சான்றிதழையும் கேட்பார்கள். அதைக் கொடுப்பது காவல்துறை அல்ல, வெளியுறவு அமைச்சு. வேலை அனுமதி ஒட்டிய பழைய கடப்பிதழ்ப் பக்கங்கள் அப்போது கைகொடுக்கும். ரத்தான கடப்பிதழைத் தயவுசெய்து வீசிவிடாதீர்கள்.

முதலுதவிச் சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குத்தான். வெளிநாட்டில் இருக்கும்போது அது காலாவதியானால் இங்குள்ள பதிவைப் புதுப்பிப்பதும் சிக்கலாகும். கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு: ஒப்பந்தம் முடியும் வாரத்திலேயே, கடைசிச் சம்பளம் வாங்கும்போதே கிளப்பிடம் கடிதம் கேளுங்கள். கடப்பிதழில் உள்ளபடி பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, கையெழுத்திட்டவரின் பதவி, கிளப் முத்திரை, இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.