ஒரு ஆர்டர், இரண்டு பில்: மென்பொருளை இணைக்கப் போகிறவர்களுக்கு

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பம்ப்செட், பைப் கடை வைத்திருக்கிறேன். சரக்கெல்லாம் கோயம்புத்தூர் டீலரிடமிருந்துதான். இந்த வருடம் இருவரின் பில்லிங் மென்பொருளையும் இணைத்தோம். இங்கே ஸ்டாக் குறைந்தால் ஆர்டர் தானாகப் போகும். அங்கே இ-இன்வாய்ஸும் (அரசு போர்ட்டலில் பதிவாகும் பில்) இ-வே பில்லும் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) தானாக விழும். இணைப்பு வேலை சிக்கலில்லாமல் முடிந்தது.

போர்வெல் மோட்டார் விற்கும் கோடையில், வேலந்தாவளம் வழியாக வந்த வண்டியில் கேட்டதைப் போல இரு மடங்கு சப்மெர்சிபிள். பில் இரண்டு, ஐஆர்என் (இ-இன்வாய்ஸுக்கு போர்ட்டல் தரும் எண்) இரண்டு, இ-வே பில் இரண்டு.

"உங்க சிஸ்டம்தான் ரெண்டு ஆர்டர் அனுப்பிருக்குங்க" என்றது டீலரின் மென்பொருள் கம்பெனி. "நாங்க போட்டது ஒண்ணுதான்" என்றது எங்களுடையது. புகார் எண் கொடுத்துவிட்டு அத்தோடு விட்டுவிட்டார்கள். பில்லை ரத்து செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வழியில் ஜிஎஸ்டி ஸ்குவாட் வண்டியைச் சோதித்துப் பதிந்துவிட்டதால் இ-வே பில்லை ரத்து செய்ய முடியவில்லை. அது உயிரோடு இருக்கும்வரை ஐஆர்என்னையும் ரத்து செய்ய முடியாது; அதற்கான 24 மணி நேரமும் கடந்துவிட்டது. கடைசியில் டீலர் கிரெடிட் நோட் (பில் தொகையைக் கழித்துக்கொள்ளும் சீட்டு) போட்டு, மோட்டார்களைத் திருப்பி ஏற்றினோம். வண்டி வாடகை தண்டம்.

டீலர் அண்ணன் இரண்டு கம்பெனிக்காரர்களையும் ஒரே ஃபோன் காலில் பிடித்தார். வினாடி வரைக்கும் உள்ள லாக் (எது எப்போது போனது, வந்தது என்று மென்பொருள் வைக்கும் பதிவு) வேண்டும் என்று நான் விடாமல் கேட்டேன். வந்தது. 10:42:07க்கு ஆர்டர் போயிருக்கிறது. நெட் இழுத்ததில் பதில் வரவில்லை. 10:42:37க்கு அதே ஆர்டர், அதே எண்ணோடு, மறுபடியும் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புவது சரியான வேலைதான். ஆர்டரை வாங்கிய டீலர் பக்க மென்பொருள் ஆர்டர் எண்ணைப் பார்க்காமல் வந்ததையெல்லாம் புது ஆர்டராக எடுத்து, புது பில் எண் கொடுத்ததுதான் கோளாறு. இத்தனைக்கும் அரசு போர்ட்டல் இதைச் சரியாகச் செய்கிறது: ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் நான்கையும் வைத்துத்தான் ஐஆர்என் உருவாகும், அதே பில் மறுபடி போனால் ஏற்காது. நம் பில் எண்ணே மாறிவிட்டால் அதுவும் என்ன செய்யும்?

இப்போது ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் புது பில் விழாது. பழைய பதிலே திரும்ப வரும். இதைக் கேட்டு வாங்கவே அவ்வளவு சண்டை. இணைக்கப் போகிறவர்கள் இதை முதலிலேயே இரண்டு கம்பெனியிடமும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணம் கட்டும் முன் ஒரு சோதனை: ஆர்டர் போகும் அந்த நொடியில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், திரும்பச் செருகுங்கள். அந்தப் பக்கம் எத்தனை பில் விழுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம், லாக் பார்க்கும் உரிமை நம் கையில் இருக்க வேண்டும். கேட்டால் தருகிறோம் என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.