கோர்சாஜ் கட்டிப் பழகுறன்: இதுவரைக்கும் நடந்தது

லண்டனில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர் அனுப்பின ரிசெப்ஷன் லிஸ்டில பொக்கே, கோர்சாஜ், பட்டன்ஹோல் எண்டு மூண்டையும் தனித்தனியாப் போட்டிருந்தினம், பெரியக்கா அதை அப்பிடியே எனக்கு ஃபோர்வர்ட் பண்ணி "நீ தானே பூ வேலை செய்யிறனீ, பாத்துச் செய்" எண்டிட்டா. பொக்கே முந்தியே கட்டுவன். மற்ற ரெண்டும் கேள்விப்பட்டதோட சரி.

பொக்கே கையில பிடிக்கிறது. கோர்சாஜ் பொம்பிளையள் உடுப்பில குத்துறது, இல்லாட்டி மணிக்கட்டில கட்டுறது. பட்டன்ஹோல் ஆம்பிளையளின்ர கோட்டில இடப்பக்கக் கொலரில வாறது, அமெரிக்காக்காரர் அதையே பூட்டனியர் எண்டுவினம், அதால வீடியோ தேடேக்க ரெண்டு பேரையும் போட்டுத் தேடுங்கோ, பூட்டனியர் எண்டு போட்டால்தான் கன வீடியோ வருது. கோர்சாஜ் எண்டது பிரெஞ்சில சட்டையின்ர மேல்பகுதிக்கு இருந்த பேராம், பிறகு அதில குத்துற பூவுக்கே அந்தப் பேர் ஒட்டிட்டுது.

சரி, கட்டத் தொடங்கினாப் பிறகுதான் விளங்கினது, இதில முழுப் பிரச்சினையும் தண்ணிதான். பொக்கேயை மேசைக்கு வந்தோடன ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள வைக்கலாம், கோர்சாஜுக்கு காம்பையே ஒரு இஞ்ச் அளவுக்கு வெட்டிப்போட்டு கம்பி குத்தி டேப் சுத்துறம், அதுக்குப் பிறகு பூ குடிக்கிறதுக்கு ஒண்டுமே இல்லை, கொழும்பு வெக்கைக்குள்ள பின்னேரம் ஆறு மணியில இருந்து இரவு பதினொரு மணி வரைக்கும் ஆளோட சேர்ந்து சிரிச்சுக்கொண்டு நிக்கோணும். மல்லிகைச் சரமெண்டா மொட்டாக் கட்டினாலும் தலையில விரிஞ்சிடும். ரோசா மொட்டு அப்பிடியில்லை, தண்ணி இல்லாட்டி விரியாமலே தலை சாயும். அதால நல்லா விரிஞ்ச பூவா எடுத்து, காம்பைச் சரிவா வெட்டி, ராத்திரி முழுக்க வாளித் தண்ணியில விட்டு, அடுத்த நாள்தான் கம்பி குத்திறது.

பூ வாங்கினது பொரளைக் கனத்தையடிக் கடையளில. அம்மாவுக்கு அது பிடிக்கேல்ல, "சவக்காலைக்குப் பக்கத்தில வாங்கின பூவைக் கலியாணத்துக்குக் கொண்டு போறியோ பிள்ளை?" எண்டு ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தவ. அதே கார்னேஷன்தான் மலர்வளையத்துக்கும் போகுது மணவறைக்கும் போகுது, நுவரெலியாக் குளிருக்குள்ள வளரேக்க அதுக்கென்ன தெரியும் எந்த வீட்டுக்குப் போறமெண்டு.

வீட்டில ஃபான் போட்ட அறையில தண்ணி இல்லாம வைச்சுப் பாத்ததில கார்னேஷனும் டென்ட்ரோபியம் ஓர்கிட்டும்தான் தாக்குப்பிடிச்சுது. ஜெர்பரா பாக்க வடிவு, ஆனா கெதியா தலையைத் தொங்கப்போடும். ரோசா பரவாயில்லை, ஓரம் கொஞ்சம் கறுக்கும். ஜிப்சோபிலா எண்ட பொடி வெள்ளைப் பூ காய்ஞ்சாலும் காய்ஞ்சது தெரியாது, அதை எல்லாத்திலயும் போடலாம்.

கம்பி விசயம் சொல்லோணும். கேஜ் நம்பர் கூடக் கூட கம்பி மெல்லிசு, நான் எடுத்தது 24உம் 26உம். பூவுக்குக் கீழ இருக்கிற பச்சைக் குமிழுக்குள்ளால கம்பியைக் குறுக்காக் குத்தி, ரெண்டு பக்கமும் சரியா வந்தோடன கீழ மடக்கி காம்போட சேர்த்துப் பிடிக்கோணும். பிறகு ஃப்ளோரல் டேப். அதைத் தொட்டுப் பாத்தால் ஒட்டவே ஒட்டாது, சும்மா கிரேப் பேப்பர் மாதிரிக் கிடக்கும், மெழுகு ஏத்தின பேப்பர் அது, இழுத்தாத்தான் பசை வெளிய வரும். டேப்பைச் சுத்தப் போகாதேங்கோ. டேப்பைச் சரிவா இழுத்துப் பிடிச்சுக்கொண்டு பூவைத்தான் விரலுக்குள்ள உருட்டோணும், அப்ப தானே கீழ இறங்கிக்கொண்டு போகும். கை வேர்த்தால் வழுக்கும், ஃபானைப் போட்டால் டேப் பறந்து தன்னோடயே ஒட்டும். ஏசி அறைதான் சரி.

சாறிதான் அடுத்த தலையிடி. வீடியோவில எல்லாம் கவுன் போட்ட அம்மாமார், இடத்தோளுக்குக் கீழ ஒரு பின் குத்தினால் முடிஞ்சுது. எங்கட பெரியம்மாமார் காஞ்சிபுரம் உடுத்துக்கொண்டு வருவினம், இடத்தோளில ஏற்கனவே தலைப்பு மடிப்பெல்லாம் ஊசி போட்டு நிக்குது, அதுக்கு மேல பூப் பாரத்தையும் குத்தினால் மடிப்பு இழுபடும், பட்டிலயும் ஓட்டை விழும், எந்தப் பெரியம்மா விடுவா? காந்தப் பின் ஊசியும் வாங்கிப் பாத்தன், அவ்வளவு மடிப்புக்கு மேலால பிடிக்கேல்ல. அதால எல்லாருக்கும் மணிக்கட்டுக் கோர்சாஜ் எண்டு நானே முடிவெடுத்திட்டன், சாட்டின் ரிபனில கட்டி, "அந்தக் கையில காப்பைக் குறைச்சுப் போடுங்கோ" எண்டு முன்கூட்டியே சொல்லியாச்சு. பெரியக்கா மட்டும் "நகையைக் குறைக்கச் சொல்லுற முதல் ஆள் நீதான்" எண்டவ.

முதல் நாளே கட்டி வைக்கிறதெண்டா எங்க வைக்கிறது எண்டதும் இருக்கு. ரோசா, கார்னேஷன் பிரிட்ஜ் குளிரைத் தாங்கும். ஓர்கிட், அந்தூரியம் ரெண்டும் வெக்கைநாட்டுச் செடி, பிரிட்ஜுக்குள்ள போட்டால் இதழ் கண்டிப்போகும், அதுகளை ஈர டிஷ்யூ விரிச்ச பிளாஸ்டிக் பெட்டியில மூடி ஏசி அறையில வைச்சால் காணும். இன்னொண்டு, பூ இருக்கிற இடத்தில பழுத்த வாழைப்பழம் இருக்கவே கூடாது. பழுக்கிற பழத்தில இருந்து எத்திலீன் வாயு வரும், கார்னேஷனுக்கு அது கொஞ்சம் பட்டாலே இதழ் உள்ளுக்கு மடிஞ்சு மூடிக்கொள்ளும், பிறகு விரியாது. எங்கட வீட்டில கோழிக்கூட்டு வாழைப்பழச் சீப்பு எப்பவும் பிரிட்ஜுக்கு மேலதான், இப்ப பல்கனிக்குப் போயிட்டுது, காகம் கொத்துதெண்டு அம்மா அதுக்கும் ஒரு கதை வைச்சிருக்கிறா.

இப்போதைக்குக் கோர்சாஜ் எனக்குத் திருப்தியா வருது. பட்டன்ஹோல் இன்னும் கொஞ்சம் தடிப்பா வருது, ஒரு பூ, ஒரு இலை, அதுக்கு மேல வைக்காம கையைக் கட்டுப்படுத்தோணும், பின் ஊசியையும் கொலருக்குப் பின்னால இருந்து குத்தி எடுத்தால்தான் முன்னுக்குத் தெரியாது. தம்பியின்ர பழைய கோட்டை மாட்டிவைச்சு அதிலதான் குத்திப் பாக்கிறன். புறக்கோட்டையில போனமுறை வெள்ளை டேப்தான் கிடைச்சது, பச்சை வந்ததோ எண்டு சனிக்கிழமை போய்ப் பாக்கோணும்.