விளிம்பு வரை

போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, தறி குடோனை வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, சோமனூரிலிருந்து கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்கு நடந்தே கிளம்பினேன். பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனால் நான் கேட்கப்போன காரியம் நடந்துபோய்க் கேட்க வேண்டியது.

வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, என் அத்தைக்கு, பக்கவாதம் வந்து ஏழு மாதமாகியிருந்தது. அதுவரை கொழுந்தனார் வீட்டில் இருந்தார். இனிமேல் முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஹோமில் சேர்க்கலாம் என்று பணம்கூட எடுத்து வைத்தோம். அப்புறம் ஒவ்வொரு நாளும் செபத்தில் உட்காரும்போது ‘நீயே பார்த்துக்கொள்’ என்பது மட்டும் மனசில் வந்து நிற்கும். எப்படி முடியும்? கல்யாணமாகி 19 வருடத்தில் அவர் என்னைக் ‘கண்ணு’ என்று ஒரு தடவை கூப்பிட்டதில்லை. தறியில் ஒரு இழை அறுந்தால் உடனே நிறுத்தி முடிச்சுப் போடுகிறவள் நான். ஓடவிட்டால் துணி நெடுகக் கோடு விழும். எங்களுக்குள் அறுந்ததை மட்டும் இத்தனை வருடம் ஓடவிட்டிருந்தேன். இந்த அழைப்பை மாற்றிக்கொடு தாயே என்று கேட்கத்தான் போனேன்.

செபமாலை அன்னையின் கோயில் இன்றைக்கு பசிலிக்கா. எங்களுக்கு என்றும் மாதா கோயில்தான். இந்தப் பக்கம் விசுவாசம் வேர்விட்டது 17ஆம் நூற்றாண்டில், இயேசு சபைக் குருக்களின் மதுரை மிஷன் காலத்தில். அதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தவர். காவி கட்டி, தமிழ் படித்து, நம் மக்களைப் போலவே வாழ்ந்ததற்காகத் திருச்சபைக்குள்ளேயே அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி தீர்ப்புச் சொல்லும்வரை வருடக்கணக்கில் இழுத்தது. அவர் சபையை உதறிவிட்டுப் போகவில்லை. தன் அழைப்பையும் விடவில்லை. தீர்ப்பு வந்த அதே வருடம் சேலம், சேந்தமங்கலம் பக்கம் கிளம்பிவிட்டார். மறைக்கல்வியில் படித்த இந்தக் கதை, பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டபோது ஏனோ நினைவுக்கு வந்தது.

வியாழன் என்பதால் செபமாலையில் ஒளியின் மறைபொருள்கள், இயேசுவின் வாழ்க்கையிலிருந்து தியானிக்கும் ஐந்து நிகழ்ச்சிகள். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்துக் கொடுத்தவை. இரண்டாவது, இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்க் கல்யாணம். “அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்” என்று மாதா வேலைக்காரர்களிடம் சொன்ன இடத்தில் என் விரல் மணியிலேயே நின்றுவிட்டது.

ஆறு கல்தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொன்னார் இயேசு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாளில் பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் சுமக்கிறவளுக்கு அந்தக் கணக்கு உடனே புரியும். 40 நடை! பந்தியில் திராட்சை ரசம் தீர்ந்துபோய் நிற்கும்போது எதற்குத் தண்ணீர் என்று அந்த வேலைக்காரர்கள் கேட்டதாக நற்செய்தியில் யோவான் எழுதவில்லை. பாதியில் போதும் என்று விடவும் இல்லை. விளிம்பு வரை நிரப்பினார்கள் என்று எழுதுகிறார். ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியாது, தண்ணீர் மொண்டவர்களுக்குத்தான் தெரியும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த நாற்பது நடையில் எந்த நடையிலும் அவர்கள் சுமந்தது வெறும் தண்ணீர்தான்.

மாற்றிக்கொடு என்று கேட்க வாய் வரவில்லை. மெழுகுத்திரி ஏற்றிவிட்டு, சரி தாயே என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

சனிக்கிழமை அத்தையைக் கூட்டி வந்தோம். ஞாயிறு காலை பூசைக்கு முன்னால் ஒரு போசியில் வெந்நீர் எடுத்துப்போய் உடம்பு துடைத்துவிட்டேன். மடங்கிப்போயிருந்த இடது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். உள்ளங்கை ரேகையில் அழுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. துணியை நனைத்து நனைத்துத் துடைத்தேன். அவர் கண்ணை மூடியே இருந்தார்.

“சூடு பத்துதுங்களா, அத்தை?”

ரொம்ப நேரம் கழித்து, “இன்னும் கொஞ்சம்” என்றார்.

அடுப்பில் மறுபடி தண்ணீர் வைத்தேன்.